காரணம் என்ற நிரல்

முனைக்காட்டு மீனவர் சங்கத்தின்
நட்டஈட்டுக் கொப்பியில் ஐந்து நிரல்.
திகதி, பெயர், வலை, கிழிசல், காரணம்.
நான் செயலாளர்.
அடிமட்டத்தோடு துறைக்குப் போகிறவள்.

நீர்நாய் கிழித்தால் எனக்குத் தெரியும்.
விளிம்பு நூல் நூலாய்ச் சிலும்பி நிற்கும்.
மூன்று நாலு கண் சேர்ந்து ஒரு வாயாகும்.
பிறகு அந்த மணம்,
சேறும் மீன்நெய்யும் நனைந்த சாக்கும்.
கையை இரண்டு தரம் கழுவினாலும்
சோற்றில் வரும்.

முன்பு கொப்பி இல்லை.
கண்டல் வேரடியில் கம்பிக் கண்ணி,
செத்த மீனின் வயிற்றில்
வயலுக்கு அடிக்கிற மருந்து.
நீர்நாய் செத்தது, கொக்கு செத்தது,
மார்க்கண்டுவின் தாராக்கள் பதினெட்டும் செத்தன.
அதற்குப் பிறகுதான் பேச உட்கார்ந்தோம்.
கிலோவுக்கு ஐந்து ரூபாய் எல்லோரும் போடுவது,
கிழிந்தவனுக்குச் சங்கம் கொடுப்பது,
கண்ணி வைத்தவனுக்கும்
கண்டல் வெட்டினவனுக்கும் ஒன்றுமில்லை.
வேலாப்போடி தன் கண்ணிக் கம்பியை
முற்றத்தில் இழுத்துக் கட்டி
உடுப்புக் காயப்போட்டான்.

செவ்வாய் காலை
பூபாலபிள்ளை வலையை விரித்தான்.
அடிமட்டம் வைத்தேன்.
இருபத்தேழு அங்குலம். நேர்கோடு.
"நாய்தான்கா" என்றான்,
எழுவான்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு.
முகர்ந்து பார்த்தேன்.
வெங்காயம் மணத்தது.

வியாழன் பத்து மணிக்கு லோன்காரத் தம்பி வருவான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெயர் கூப்பிடுவான்.
ஐந்து பெண்கள் ஒரு குழு,
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்ற நாலு பேரும் கட்டவேண்டும்.
மூன்றாவது பெயர் அவன் பெண்சாதி ரஞ்சிதமலர்.
நாலாவது பெயர் நான்.

ஆக, நீர்நாய் என்று எழுதினால்
என் சல்லியும் மிஞ்சும்.

சங்கத்தில் மிச்சம் பதினோராயிரத்து நானூறு.
இது தீர்ந்தால்,
உண்மையாய்க் கிழிந்தவன் ஒருநாள் வந்து நிற்பான்,
நான் கையை விரிப்பேன்,
அவன் வீட்டுக்குப் போய்
கொடியிலிருந்து சட்டைகளை எடுத்து வைத்துவிட்டுக்
கம்பியை அவிழ்ப்பான்.

நீர்நாயை நான் முழுதாய்க் கண்டது ஒரே தரம்.
ஆற்றுவாழைக்குள் நண்டொன்றைக்
கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தது.
தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது,
இவள் கணக்கில் இல்லாத ஆள் என்பது போல
மறுபடி முங்கியது.
அதன் பெயரில் பொய் எழுத
அதனிடம் சம்மதம் கேட்க முடியாது.

புதன் பின்னேரக் கூட்டத்தில்
எழுதியதை வாசித்தேன்.
பூபாலபிள்ளை, கட்டுவலை ஒன்று,
இருபத்தேழு அங்குலம்,
காரணம்: வியாழக்கிழமை.

முதலில் சிரித்தார்கள்.
சிரிப்பு பின்வாங்கு மட்டும் போய் நின்றுவிட்டது.
அங்கே நாலு பேருக்கு வியாழன்,
ஒருவருக்கு வெள்ளி.
பூபாலபிள்ளை எழும்பினான்,
போகப்போகிறான் என்று நினைத்தேன்.
"எங்கட குசினிக் கத்திதான்" என்று சொல்லிப்போட்டு
இருந்தான்.

சல்லி கொடுக்கவில்லை. நூல் கொடுத்தோம்.
கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தில்
இன்னொரு கணக்குத் திறந்தோம்,
கடன் தவணைக்கென்று, கிலோவுக்கு இரண்டு ரூபாய்.
மூன்று பேர் எதிர்த்தார்கள்,
அதையும் எழுதியிருக்கிறேன்.
அந்த வியாழன் நாங்கள் நாலு பேரும்தான் கட்டினோம்.
ரஞ்சிதமலர் இன்னும்
எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுகா, ஒரு கிழமை கழிய,
விடிய ஐந்தரைக்கு வாசலில் பூபாலபிள்ளை.
தோளில் வலை சொட்டுகிறது.
வாயளவு கிழிசல், சிலும்பிய நூல்,
தலையில்லாத மணலை மீன் ஒன்று.
"மணந்து பாருகா" என்கிறான்,
பரிசு வாங்கிய பிள்ளை போல
வலையை என் மூக்கு வரைக்கும் தூக்கி,
"மணந்து பாரு."